ஈயத்தாள் கிரீடம்

அன்பின் ஐயா,

மலையகத்தில் மஸ்கெலியாப் பக்கமிருந்து எழுதுகிறேன். ஓவியம் படித்து முடித்து வீட்டுக்கு வந்து எட்டு மாதம். தோட்டத் தொழிலாளர் லயத்துக்குப் பின்னால் தகரம் அடித்து ஒரு அறை வைத்திருக்கிறேன். பாதி நாள் களிமண், கம்பி, பழைய சாக்கு என்று விளையாடிக்கொண்டிருக்கிறேன். மீதி நாள் செய்ததைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறேன். பின்னேரமானால் அதைப் படமெடுத்து, என் சிந்தனைகளையும் எழுதி முகநூலில் போடுவேன். அப்பா "வேலைவெட்டி இல்லாதவன்" என்கிறார். விளையாட்டுக்கும் வேலைக்கும் நேரத்தை எப்படிப் பிரிப்பது? கொழும்புக்குப் போய்விடுவதா? எண்ணெய் வர்ணமா, அக்ரிலிக்கா?

ச.

அன்புள்ள தம்பி,

நேரம் பிரிப்பதைக் கணக்கப்பிள்ளையிடம் கேளுங்கள். கொழும்புக்குப் போவது பஸ் காசைப் பொறுத்தது. அப்பா சொல்வதை அப்பாக்கள் சொல்லத்தான் செய்வார்கள்.

'விளையாடிக்கொண்டிருக்கிறேன்' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில்தான் நின்றுவிட்டேன். லயத்து வாசலில் கிரிக்கெட் ஆடியிருப்பீர்கள். தேயிலைக்குள் அடித்தால் அவுட். இஸ்தோப்புத் திண்ணையில் பட்டால் ஒன்று. பந்து தண்ணீர்க் கானுக்குள் உருண்டால் அடித்தவனே இறங்கி எடுக்க வேண்டும். இவ்வளவு கண்டிப்பான சட்டம் தோட்டத்துரையிடம்கூட இருந்ததில்லை. அந்தச் சரிவும் அந்தக் கானும் இல்லாவிட்டால் அந்த விளையாட்டே இல்லை. உங்கள் அறையில் என்ன சட்டம்? எதுவும் இல்லையென்றால் அது விளையாட்டு இல்லை தம்பி, அலைச்சல்.

ஓவியர் பௌல் கிளே 1916 முதல் 1925 வரை தன் மகனுக்காகச் சுமார் ஐம்பது கைப்பொம்மைகள் செய்தார். முப்பது மிஞ்சியிருக்கின்றன. மாட்டெலும்பு, தீப்பெட்டி, மின்சார சொக்கெட் எல்லாம் தலையாகியிருக்கின்றன. கைக்கு வந்த குப்பைதான். ஆனால் உள்ளே கை நுழைந்து ஆட்ட வேண்டும், அதற்கு விலக்கு இல்லை.

கிளேயை விடுங்கள், என் மாமாவைச் சொல்கிறேன். இஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. மாசியில் தோட்டத்தில் ஆடுகிற காமன் கூத்துக்குக் கிரீடம் கட்டுவது அவர்தான். தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டுகிற ஈயத்தாளில் கிழிந்ததைக் கொண்டுவந்து, கோதுமை மாப் பசையில் மட்டையோடு ஒட்டுவார். ஒரு வருஷம் எமனுக்குச் செய்தது அப்படி மின்னியது. லயமே வந்து பார்த்துப் புகழ்ந்தது. மாமா ஒன்றும் பேசாமல் அதைக் கூரை வளையில் தொங்கவிட்டார். பகலில் ஏறிட்டும் பார்க்கவில்லை. இரவில் பெட்ரோமாக்ஸைக் கொளுத்தி வைத்துவிட்டு, எதிரே குந்தியிருந்து வெற்றிலை மென்றார். மூன்று இரவு. நான்காம் நாள் குப்பி லாம்பின் புகையில் கிரீடம் முழுவதையும் காட்டிக் கறுப்பாக்கினார். நான் அழுதேன். "வெளிச்சத்துல கிரீடம்தான்டா தெரியுது, எமன் மூஞ்சி தெரியல" என்றார். கூத்தன்று தப்பு மேளச் சத்தத்தோடு அந்த எமன் இருட்டிலிருந்து வந்தபோது, செய்ததைக் கூடவே இருந்து பார்த்த நானே அம்மாவின் சேலைக்குள் ஒளிந்தேன்.

இதைத்தான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது என்கிறேன். அந்தப் பொருள் எந்த வெளிச்சத்தில் வாழப்போகிறதோ அந்த வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்பது. நீங்கள் உட்கார்ந்திருப்பதில் எனக்குக் குறையில்லை, இன்னும் கொஞ்சம் உட்காருங்கள். பின்னேரம் போனைத் தூக்குகிறீர்களே, அங்கேதான் கோபம் வருகிறது. லயம் புகழ்ந்த முதல் நாளே மாமா அந்தக் கிரீடத்தைப் படமெடுத்துப் போட்டிருந்தால், நூறு பேர் 'அருமை' என்றபின் அதைப் புகையில் காட்டக் கை வருமா? உங்கள் சிந்தனைகளையும் படித்தேன். களிமண்ணைவிட நீளம். செய்ததைச் சுவர்ப் பக்கம் திருப்பி வையுங்கள். நான்கு நாள் யாருக்கும் காட்டாதீர்கள், எனக்கும் அனுப்பாதீர்கள்.

வர்ணம் கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். எண்ணெய் வாங்குங்கள். மஸ்கெலியாக் குளிரில் லேசில் காயாது.