தோட்ட மானியத்துக்கும் வரியா?

கேள்வி: அலாஸ்காவில் இருக்கிறோம். வீட்டுக் கொல்லையில் கிரீன்ஹவுஸ் போட, உணவுப் பாதுகாப்புக் குறுமானியமாக 5,000 டாலர் கிடைத்தது. முழுப் பணமும் அதற்கே போய்விட்டது, ரசீதுகள் இருக்கின்றன. இப்போது, அரசு தந்த பணத்தைக் காட்டும் 1099-ஜி படிவம் வந்திருக்கிறது. கையில் தங்காத பணத்துக்கும் வரி கட்டணுமா?

பதில்: கட்டத்தான் வேண்டும். மளிகையில் பெரும்பகுதி வெளியிலிருந்து வந்து இறங்குகிற அலாஸ்கா, ஹவாய், குவாம் போன்ற இடங்களுக்காக 2018 வேளாண் சட்டம் கொண்டுவந்த திட்டம் இது. நல்ல திட்டம்தான், ஆனால் அரசு தரும் பணத்தை யாரோ கொடுத்த அன்பளிப்பு என்று கணக்குக் காட்ட முடியாது. படிவத்தின் 6-ஆம் கட்டத்தில் அந்தத் தொகை இருந்தால் அது வரிக்குரிய மானியம் என்று அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ்ஸுக்கும் தகவல் போயிருக்கிறது என்று அர்த்தம்.

எவ்வளவு கட்டுவது என்பது, விளைச்சலை என்ன செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. லாப நோக்கத்தோடு விற்கிறீர்கள் என்றால் பண்ணை வரவு செலவைக் காட்டும் ஷெட்யூல் எஃப் படிவத்தில் 5,000 டாலரை வரவாகக் காட்டி, கிரீன்ஹவுஸ் செலவையும் அங்கேயே கழிக்கலாம், பெரும்பாலும் வரி ஒன்றுமில்லாமல் போய்விடும் (வருட முடிவில் நிகர லாபம் 400 டாலரைத் தொட்டால் சுயதொழில் வரி தனியாக வரும்). வீட்டுச் சமையலுக்கு மட்டும்தான் என்றால் கழிக்க வழியில்லை, இப்படி லாப நோக்கமில்லாத பொழுதுபோக்குக்கான செலவைக் கழிக்கும் வசதியை 2018-லேயே நிறுத்திவிட்டார்கள். 12 சதவீத வரி அடுக்கில் இருப்பவருக்கு 600 டாலர், 22 சதவீதம் என்றால் 1,100. விற்கிறவரைவிட, வீட்டுக்குக் கீரை வளர்க்கிறவர் அதிகம் கட்டுகிறார், எனக்கு இது நியாயமாகப் படவில்லை.

அதற்காக நாலு கட்டு கீரையை விற்றுவிட்டுப் பண்ணைத் தொழில் என்று எழுதிவிடாதீர்கள். தனி வங்கிக் கணக்கு, விற்பனைப் பதிவு, லாபம் பார்க்கும் முயற்சி எல்லாம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

அலாஸ்காவில் மாநில வருமான வரி கிடையாது, அந்த மட்டும் தப்பித்தீர்கள். ஹவாயில் உண்டு.

அப்புறம் ஒன்று. அரசின் காப்பீட்டுச் சந்தையான மார்க்கெட்பிளேஸ் வழியாக மானிய விலையில் மருத்துவக் காப்பீடு வைத்திருந்தால் இந்த 5,000 உங்கள் வருமானத்தில் சேர்ந்து, வாங்கிய சலுகையில் கொஞ்சம் திருப்பிக் கட்ட நேரலாம். ரிட்டர்ன் தாக்கல் செய்யும் முன் அதையும் போட்டுப் பாருங்கள்.