ருஷிகுல்யா கழிமுகத்தில் ஆமை பார்க்க: கேள்வி பதில்

மார்ச்சில் நான்கு நாள் விடுப்பு இருக்கிறது. ஒடிசாவின் ருஷிகுல்யா கழிமுகத்தில் பங்குனி ஆமைகள் கூட்டமாக முட்டையிடுவதைப் பார்த்துவிடலாமா, ஐயா?

ஆமைக்கு உங்கள் விடுப்பு தெரியாதே! பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில் சில இரவுகள் மட்டுமே பெருந்திரளாகக் கரையேறும். தென்காற்று வலுத்தால் உள்ளூர் மீனவர்கள் காத்திருக்கத் தொடங்குவார்கள். அதற்கு மேல் யாரும் நாள் குறித்துத் தர முடியாது. ஒரேயடியாக வராமல் போகும் ஆண்டும் உண்டு. தேதியை மாற்ற முடியாதவர்கள் குஞ்சு பொரிக்கும் காலத்தில் வருவதே மேல். முட்டையிட்டு 45 முதல் 60 நாளில் பொரித்துவிடும் என்பதால், கூட்டம் வந்த செய்தி கிடைத்த பிறகு டிக்கெட் எடுக்கலாம்.

எப்படிப் போவது, எங்கே தங்குவது?

சென்னை–ஹவுரா ரயில் பாதையில் பிரம்மபூரில் இறங்கி, கஞ்சம் ஊர்ப் பக்கம் வாடகைக் கார் பிடியுங்கள். தங்குவதற்குக் கோபால்பூர் நல்லது. குடிநீரைக் கையோடு கொண்டுபோங்கள்.

கைப்பேசி வெளிச்சத்தில் படம் எடுக்கலாமா?

கூடாது. கரையேறும் ஆமை வெளிச்சத்தையோ ஆள் நடமாட்டத்தையோ கண்டால் முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடும். வனத்துறையினர் நிற்கச் சொன்ன இடத்தில், பேச்சில்லாமல் நில்லுங்கள். பின்துடுப்புகளால் குழி பறித்து, நூறு முட்டைக்கு மேல் இட்டு, மணலை மூடி, உடம்பால் தட்டி இறுக்கிவிட்டுப் போகும். அதைக் கண்ணால் பார்ப்பதற்குத்தானே இவ்வளவு தூரம் வருகிறீர்கள்?

குஞ்சுகளுக்கு வெளிச்சம் இன்னும் பெரிய ஆபத்து. இரவில் கடற்பக்க அடிவானம் வெளிறித் தெரியும். அதை நோக்கித்தான் அவை ஓடும். தெருவிளக்கும் ஆலை விளக்கும் அதைவிடப் பிரகாசமாக இருந்தால் ஊர்ப்பக்கம் திரும்பி, நாய்க்கும் காகத்துக்கும் இரையாகும். இதற்காகவே புருணபந்தா போன்ற ஊர்களின் இளைஞர்கள் கரையில் வலை கட்டி, சிக்கும் குஞ்சுகளை வாளியில் அள்ளிக் கடலோரம் விடுகிறார்கள்.

என் மகள் ஒரு குஞ்சையாவது கையில் எடுத்துவிட ஆசைப்படுகிறாள்.

வேண்டாம் அம்மா. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், மிக உயர்ந்த பாதுகாப்பு தரும் முதல் அட்டவணையில் உள்ள உயிரினம் அது. குழந்தை பக்கத்தில் நின்று பார்க்கட்டும்.

முட்டையிடும்போது ஆமை அழுவது வலியாலா?

இல்லை. உடலில் சேரும் உப்பைக் கண்ணருகே உள்ள சுரப்பி வெளியேற்றுகிறது.

ஆமைக்காக மீன்பிடியைத் தடுப்பது நியாயமா?

நவம்பர் 1 முதல் மே 31 வரை கழிமுகத்தைச் சுற்றி 20 கிலோமீட்டருக்குத் தடை. மூச்சுவிட மேலே வந்தாக வேண்டிய ஆமை, இழுவலையில் சிக்கினால் மூழ்கிச் சாகும். எனவே தடை தேவைதான். ஆனால் சிறு படகுக்காரர்களுக்கு இது பெரிய அடி. அதனால் வழிகாட்டியையும் படகையும் அந்த ஊரிலேயே அமர்த்துங்கள், பேரம் பேசாதீர்கள்.