கசாரெஸின் குரல் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

பிரெஞ்சு எழுத்தாளர் காம்யுவின் 'அந்நியன்' நாவலைத் தமிழில் வாசித்ததிலிருந்து அவரைப் பற்றிக் கிடைப்பதையெல்லாம் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். அப்படித்தான் அவருடைய காதலி மரியா கசாரெஸ் என்ற ஸ்பானிய நடிகையின் பெயர் கண்ணில் பட்டது. மனைவி, குழந்தைகள் என்று இருந்துகொண்டே இன்னொரு பெண்ணுடன் அத்தனை ஆண்டுகள் உறவில் இருந்தது காம்யுவைப் போன்ற ஒருவருக்கு நியாயமா? இன்னொன்றும் தோன்றியது. கசாரெஸ் பிரான்சுக்குப் போகாமல் ஸ்பெயினிலேயே இருந்து தாய்மொழியில் நடித்திருந்தால் இன்னும் பெரிய நடிகை ஆகியிருப்பார் அல்லவா? வளர்ந்தபின் கற்ற மொழியில் நடிப்பது இரவல் உடையில் மேடையேறுவதுபோலத்தானே? அவருடைய படங்களில் எதை முதலில் பார்க்கலாம் என்றும் சொல்லுங்கள்.

தி.,
கும்பகோணம்

அன்புள்ள தி.,

போன வாரம்தான் 'ஓர்ஃபே' படத்தை மறுபடியும் பார்த்தேன். அதிலிருந்து கசாரெஸின் குரல் காதைவிட்டுப் போகவில்லை. அவரைப் பற்றி யாரிடமாவது பேச வேண்டும்போல இருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. அதனால் மற்ற கடிதங்களைத் தள்ளிவைத்துவிட்டு உங்களுக்கு எழுதுகிறேன்.

முதலில் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். 'காம்யுவின் காதலி' என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் மட்டுமில்லை, எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். 1944-ல் அவர்கள் சந்தித்தபோது கசாரெஸுக்கு 21 வயது. பாரீஸ் மேடையில் ஏற்கெனவே பெயர் வாங்கியிருந்தார். காம்யுவின் நாடகத்தில் மார்த்தாவாக நடிக்க வந்தவர் அவர். காம்யு 1960-ல் விபத்தில் இறந்தபின் 36 ஆண்டுகள் வாழ்ந்தார், பெரும்பாலும் மேடையில்தான். அந்த 36 ஆண்டுகளை என்ன செய்வதாக உத்தேசம்?

காம்யு செய்தது நியாயமா என்ற கேள்விக்குள் நான் போகப்போவதில்லை. அவர்கள் எழுதிக்கொண்ட 865 கடிதங்கள் 2017-ல் நூலாக வந்தபோது அதற்கு முன்னுரை எழுதியவர் காம்யுவின் மகள் கத்ரின். அவருக்கே இல்லாத வழக்கை நாம் எதற்கு நடத்த வேண்டும்?

சரி, 'ஸ்பெயினிலேயே இருந்திருந்தால்' என்ற உங்கள் வரிக்கு வருகிறேன். எவ்வளவு எளிதாக எழுதிவிட்டீர்கள்! அவர் யாருடைய மகள் என்று ஒரு நிமிடம் தேடிப் பார்த்திருக்கலாமே. கலீசியாவின் துறைமுக நகரமான லா கொருன்யாவில் 1922-ல் பிறந்தவர். அப்பா சாந்தியாகோ கசாரெஸ் கிரோகா வழக்கறிஞர், தீவிர குடியரசுவாதி. 1936 மே மாதம் ஸ்பெயினின் பிரதமர் ஆனார். ஜூலையில் தளபதிகள் கலகம் செய்து உள்நாட்டுப் போர் வெடித்தபோது அந்த நாற்காலியில் இருந்தவர் அவர்தான். தொழிலாளர்களுக்கு ஆயுதம் கொடுக்க மறுத்தார் என்ற பழியோடு உடனே பதவி விலகினார். இடதுசாரிகள் அவரை மன்னிக்கவில்லை. கலகத் தளபதி ஃபிராங்கோவின் தரப்போ அவர் பெயரையே வெறுத்தது. கொருன்யாவில் அவருடைய நூலகத்தை எரித்தார்கள்.

மகளுக்கு அப்போது 13 வயது. மாத்ரித் மருத்துவமனையில் காயம்பட்டு வந்தவர்களுக்குப் பணிவிடை செய்துகொண்டிருந்தாள். அந்த நவம்பரில் அம்மாவோடு பாரீஸுக்குத் தப்பி வந்தாள். நீங்கள் சொல்வதுபோல 'பிரான்சுக்குப் போகவில்லை', உயிருக்காக ஓடினாள். இந்த இரண்டுக்கும் உள்ள தூரம் தெரிய வேண்டுமென்றால் எஸ்தரைப் பாருங்கள். அப்பாவின் மூத்த மகள், மரியாவுக்கு அக்கா. அவரால் வெளியேற முடியவில்லை. சிறையில் அடைத்தார்கள், பிறகு ஊரைத் தாண்ட முடியாத காவலில் வைத்தார்கள். 1955 வரை அவர் நாட்டைவிட்டு வெளியே வர அனுமதி கிடைக்கவில்லை. ஸ்பெயினிலேயே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டீர்களே, அக்காவுக்கு என்ன ஆனதோ அதுதான் ஆகியிருக்கும்.

இனி அந்த இரவல் உடை. உங்கள் கடிதத்தில் என்னை உண்மையிலேயே உறுத்தியது அதுதான். தாய்மொழி என்று வந்துவிட்டால் நமக்கு ஒரு பக்தி வந்துவிடுகிறது, அதன்பிறகு யோசிப்பதை நிறுத்திவிடுகிறோம். எழுதுகிறவனுக்கு அந்தப் பக்தி ஓரளவு பொருந்தலாம், நடிகருக்கு அப்படியே பொருந்தாது. நடிகர் பேசுவது எப்போதுமே அடுத்தவர் எழுதிய வார்த்தையைத்தான். தாய்மொழியில் நடிப்பவர்கூட ஒவ்வொரு வரியையும் புதிதாகக் கற்றுத்தான் ஆக வேண்டும், ஆனால் அவருக்கு அது ஏற்கெனவே தெரிந்ததுபோல ஒரு மயக்கம் இருக்கும். நாக்கு பழகிய தடத்தில் ஓடிவிடும். ஒவ்வொரு உயிரெழுத்தையும் வாயில் எங்கே வைப்பது என்று தேடித் தேடிக் கற்றவருக்கு அந்த மயக்கம் கிடையாது. ஒரு சொல் எவ்வளவு கனம் என்பது அவருக்குத் தெரியும், ஏனென்றால் தூக்கிப் பார்த்திருக்கிறார்.

பாரீஸ் நாடகக் கல்லூரியின் நுழைவுத் தேர்வில் கசாரெஸ் முதல் முறை தேறவில்லை. ஸ்பானிய உச்சரிப்பு குறுக்கே நின்றது. விடாமல் உழைத்து உள்ளே போனார். 1942-ல், பாரீஸ் ஜெர்மானியர் பிடியில் இருந்தபோது, மத்யூரென் அரங்கில் முதல் நாடகம். அயர்லாந்துக்காரரான சிங் எழுதிய துயர நாடகம், பிரெஞ்சு மொழியில், கதாநாயகியாக ஒரு ஸ்பானிய அகதிப் பெண். அந்த உச்சரிப்பின் சுவடு முழுதாக மறைந்துவிடவில்லை. மறையாததுதான் நல்லது என்பேன். தாழ்ந்த, லேசாகக் கரகரத்த அந்தக் குரலில் ஒரு வாக்கியம் முடியும் இடத்தில் ஒரு இறுக்கம் வரும் பாருங்கள், வேறு எந்தப் பிரெஞ்சு நடிகையிடமும் நான் அதைக் கேட்டதில்லை.

இதை நான் படித்துத் தெரிந்துகொண்டு சொல்லவில்லை. சென்னையில் வேலை தேடிக்கொண்டிருந்த காலத்தில், ஒரு திரைப்படச் சங்கத்தில் பிரெஞ்சு இயக்குநர் ப்ரெஸ்ஸோனின் 'புலோன் வனத்துச் சீமாட்டிகள்' போட்டார்கள். தேய்ந்த பிரதி, துணைத்தலைப்பு கிடையாது, கதைச்சுருக்கம் தட்டச்சு செய்த ஒரு தாளை வாசலில் கொடுத்தார்கள். மின்விசிறிச் சத்தம் வேறு. எனக்குப் பிரெஞ்சில் ஒரு வார்த்தை தெரியாது. கசாரெஸ் அதில் எலேன் என்ற பணக்காரப் பெண். தன் காதலும் ஆறிவிட்டது என்று பொய் சொல்லி, காதலன் வாயாலேயே அவன் காதல் தீர்ந்துவிட்டதை வரவழைக்கிறாள். அவன் நிம்மதியோடு கிளம்பிப் போகிறான். அப்புறம் தனியாகப் படுத்தபடி, குரலை உயர்த்தாமல், பழிவாங்குவேன் என்கிறாள். அந்த வரியின் அர்த்தம் எனக்குத் தாளைப் பார்த்துத் தெரியவேண்டியிருக்கவில்லை. முன்வரிசையில் அதுவரை பேசிக்கொண்டிருந்த இருவர் பேச்சை நிறுத்தினார்கள்.

அதே படத்தின் கடைசியில் இன்னொரு இடம். எலேன் சூழ்ச்சி செய்து அவனுக்கு அவப்பெயர் பெற்ற ஒரு நடனக்காரியை மணமுடித்து வைத்துவிட்டாள். திருமணம் முடிந்து உண்மை தெரிந்ததும் அவன் காரில் ஏறித் தப்பப் பார்க்கிறான். வண்டிகள் நெருக்கி நிற்பதால் முன்னும் பின்னுமாக எடுத்துத்தான் வெளியே வர வேண்டும். கார் ஒவ்வொரு முறை நகரும்போதும் ஜன்னலில் எலேனின் முகம் வருகிறது, போகிறது, மறுபடி வருகிறது. வரும்போதெல்லாம் ஒரு வாக்கியம். அவ்வளவுதான் காட்சி. கசாரெஸ் ஒரு விரலைக்கூட அசைப்பதில்லை, முகமும் குரலும் மட்டும்தான். போர்க்காலத்து நெருக்கடியில், இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த ஒரு பெண் செய்தது அது.

அந்த நாட்களில் அவர் எப்படி உழைத்தார் தெரியுமா? பகலில் படப்பிடிப்பு, இரவில் நாடகம், நடுவில் வானொலிப் பதிவு. 1946 தொடக்கத்தில் அம்மா இறந்தார். போரின்போது லண்டனில் இருந்த அப்பா நோயாளியாகத் திரும்பி வந்து 1950-ல் பாரீஸில் இறந்தார். ஒரு காலத்தில் நாட்டின் பிரதமராக இருந்தவருக்கு மருந்து வாங்கியது மகளின் குரல். இதையெல்லாம் விட்டுவிட்டுக் காம்யுவின் காதலி என்று ஒரே வரியில் முடித்தால் எனக்குக் கோபம் வராதா?

மேடைக்கு வருவோம். 1952-ல் காமெடி ஃபிரான்சேஸ் என்ற அரசு நாடக நிறுவனம், அது அவருக்கு ஒத்துவரவில்லை, இரண்டே ஆண்டில் விலகிவிட்டார். பிறகு இயக்குநர் ழான் விலாரின் மக்கள் அரங்கு. 1954-ல் அவிஞோன் நகரில், போப்பாண்டவர்களின் பழைய அரண்மனை முற்றத்தில், திறந்த வானத்தின் கீழ் லேடி மக்பெத். 1957-ல் விலார் அவருக்குப் பழம்பெரும் நாடகாசிரியர் ரசீனின் 'ஃபேத்ர்' நாடகத்தின் நாயகி வேடத்தைக் கொடுத்தார். ரசீனின் செய்யுள் பிரெஞ்சுக்காரர்களுக்குக் கோயில் மாதிரி, ஒரு அசை பிசகினாலும் விடமாட்டார்கள். உச்சரிப்பு சரியில்லை என்று ஒருகாலத்தில் வாசலில் நிறுத்தப்பட்ட பெண்ணிடம் அதை ஒப்படைத்தார்கள், தி. இரவல் உடை என்றீர்கள். மேடையில் எந்த நடிகர் சொந்த உடையில் நிற்கிறார், சொல்லுங்கள்.

தாய்மொழியில் அவர் நடிக்கவே இல்லை என்றும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஸ்பானியக் கவிஞர் லோர்காவின் 'யெர்மா' நாடகம் 1934-ல் மாத்ரித்தில் அரங்கேறியபோது யெர்மாவாக நடித்தவர் மார்கரிதா ஷிர்கு. அடுத்த ஒன்றரை ஆண்டில் போர் வந்தது, லோர்காவைச் சுட்டுக் கொன்றார்கள், ஷிர்கு தென் அமெரிக்காவிலேயே தங்க நேர்ந்தது. 1963-ல் புவெனோஸ் ஐரெஸில் அதே நாடகத்தை ஷிர்கு இயக்கினார். யெர்மாவாக நடிக்கப் பாரீஸிலிருந்து போனவர் கசாரெஸ். எழுபதைத் தாண்டிய ஒருவர், நாற்பதைத் தொட்ட ஒருவர். இருவருமே நாடு இழந்தவர்கள், இருவருக்கும் அந்த வரிகள் தாய்ப்பால் மொழி (ஷிர்கு கத்தலான்காரர் என்று யாராவது திருத்துவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன், கசாரெஸின் ஊரிலும் கலீசிய மொழி உண்டு, ஆனாலும் இருவரும் மூச்சுவிட்ட மேடைமொழி அதுதான்). அந்த ஒத்திகை அறையில் ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கக் கிடைத்தால் என் புத்தக அலமாரியில் பாதியைக் கொடுத்துவிடுவேன்.

போரில் வென்று ஸ்பெயினை ஆண்ட ஃபிராங்கோ 1975-ல் இறந்தார். அடுத்த ஆண்டு கசாரெஸ் மாத்ரித்துக்குப் போய் நடித்தார். ரஃபேல் அல்பெர்த்தியின் 'எல் அதெஃபேசியோ' என்ற நாடகம். நாடகாசிரியரும் நாடு இழந்தவர், அப்போதும் ரோமில்தான், நாடு திரும்பியிருக்கவில்லை. அந்த நாடகத்தையும் 1944-ல் புவெனோஸ் ஐரெஸில் முதலில் மேடையேற்றியவர் ஷிர்குதான், அவரோ 1969-ல் மோந்தெவிதேயோவில், திரும்பாமலே இறந்துபோயிருந்தார். நாற்பது ஆண்டு கழித்து வந்த மகள் அந்த ஊரில் தங்கிவிடவில்லை. வேலை முடிந்ததும் பிரான்சுக்குத் திரும்பினார். அதை நான் சோகம் என்று சொல்ல மாட்டேன். அவருடைய வேலை இருந்த இடம் அது. 1989-ல், அறுபத்தாறு வயதில், கிரேக்கத் துயர நாடகத்தின் ஹெக்குபாவாக நடித்து, பிரான்சின் நாடக விருதான மோலியேர் விருதை வாங்கினார். 1996-ல் இறந்தபோது ஷாரான்த் பகுதியின் அலூ கிராமத்திலிருந்த தன் வீட்டை அந்த ஊருக்கே எழுதிவைத்திருந்தார். இன்று அங்கே நாடகக்காரர்கள் தங்கி வேலை செய்கிறார்கள்.

எதை முதலில் பார்ப்பது என்று கேட்டிருந்தீர்கள். ப்ரெஸ்ஸோன் படத்திலிருந்து தொடங்குங்கள். அடுத்து காக்தோவின் 'ஓர்ஃபே', அதில் கசாரெஸ்தான் மரணம். மரணம் என்றால் சவத்துணியும் அரிவாளுமாக வருவேன் என்றா நினைத்தாய் என்று தன் உதவியாளனிடம் கேட்பார், அறுவைசிகிச்சைக்குப் போகிறவர்போல ரப்பர் கையுறை மாட்டிக்கொள்வார், அந்த இடத்தைத் தவறவிடாதீர்கள். கார்னேயின் 'சில்ட்ரன் ஆஃப் பாரடைஸ்' பெரிய படம், ஆனால் அவருக்கு அதில் இடம் குறைவு, பிறகு பார்க்கலாம். கடிதத் தொகுதியைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதிலும் வானொலிப் பதிவு முடித்துக் களைத்து வந்து கசாரெஸ் எழுதியவற்றை முதலில் படியுங்கள். படம் பார்க்கும்போது ஒரு பத்து நிமிடமாவது துணைத்தலைப்பை அணைத்துவிட்டுக் கேளுங்கள், பிறகு எனக்கு எழுதுங்கள். அந்தக் கடிதத்தில் காம்யுவின் பெயர் வர வேண்டாம்.

அன்புடன்