லீக் கபடியும் நாலு அரியரும்

கேள்வி: எனக்கு 20 வயது. ஆத்தங்குடி பக்கம் சொந்த ஊர். காரைக்குடியில் பி.காம். இரண்டாம் ஆண்டு முடித்திருக்கிறேன், நாலு அரியர் இருக்கிறது. ஜூனியர் நேஷனலில் தமிழ்நாட்டுக்கு ஆடினேன். அதைப் பார்த்துவிட்டு ஒரு லீக் கபடி அணி, இளம் வீரர்கள் பிரிவில் இரண்டு வருஷ ஒப்பந்தம் தருகிறது. அடுத்த மாதம் கேம்ப். காலேஜை நிறுத்திவிட்டுக் கரஸ்ஸில் (தபால் வழிப் படிப்பில்) சேர்ந்துகொள்ளலாம் என்று இருக்கிறேன். அப்பா பூக்கல் (ஆத்தங்குடித் தரைக்கல்) பட்டறை வைத்திருக்கிறார். "முழங்கால் போச்சுன்னா என்னடா பண்ணுவே? டிகிரியை முடிச்சுட்டு ஆடு" என்கிறார். இருவருக்கும் பேச்சுவார்த்தையே இல்லை. நான் என்ன செய்யட்டும்?
- பெயர் வேண்டாம், சிவகங்கை மாவட்டம்

பதில்: தம்பி, கேம்புக்குப் போங்கள். 20 வயதில் வந்த வாய்ப்பு, டிகிரி முடியட்டும் என்று உங்களுக்காகக் காத்திருக்காது. ஆனால் கரஸ்ஸுக்கு மாறும் எண்ணத்தை இன்றைக்கே விட்டுவிடுங்கள்.

படிப்பு ஒரு பக்கம், கபடி ஒரு பக்கம் என்று நீங்களும் பிரித்து வைத்திருக்கிறீர்கள், அப்பாவும் பிரித்து வைத்திருக்கிறார். ஆட்டக்காரருக்கு ரெகுலர் காலேஜ் எவ்வளவு பெரிய வாசல் என்பதை உங்கள் இருவருக்கும் யாரும் எடுத்துச் சொல்லவில்லை போலிருக்கிறது. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகளில் ரெகுலராகப் படிப்பவர்கள்தான் ஆட முடியும், அதுவும் 25 வயது வரைக்கும்தான். அழகப்பா பல்கலைக்கழக அணியில் இடம் பிடித்து, தென் மண்டலத்தில் ஜெயித்து, அகில இந்தியப் போட்டி வரைக்கும் போகிற வழி உங்களுக்கு இப்போது திறந்திருக்கிறது. கரஸ்ஸில் சேர்ந்தால் அது அன்றோடு மூடிவிடும்.

அதனால் என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். மத்திய அரசு வேலைக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் போகிறவர்களிடம் படிவம் கேட்பார்கள். நாட்டுக்காக ஆடியவருக்குப் படிவம் 1, மாநிலத்துக்காக நேஷனல் ஆடியவருக்கு 2, பல்கலைக்கழகத்துக்கு ஆடியவருக்கு 3, பள்ளி நேஷனல் ஆடியவருக்கு 4. லீக்கில் நீங்கள் எத்தனை சூப்பர் ரெய்டு எடுத்தாலும் இதில் எந்தப் படிவத்திலும் ஏறாது. டி.வி.யில் முகம் தெரியும், பணம் வரும், அவ்வளவுதான். ஜூனியர் நேஷனல் ஆடினேன் என்கிறீர்களே, அதற்கான படிவத்தில் கையெழுத்து வாங்கிவிட்டீர்களா? இல்லையென்றால் கேம்புக்கு முன்னால் வாங்கிவிடுங்கள். கையெழுத்துப் போடுகிற மாநிலக் கபடிச் சங்கத்தில் நிர்வாகிகள் மாறிவிட்டால் அலைய வேண்டியிருக்கும்.

ரயில்வேயை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்கு வயது 18 முதல் 25 வரை, தளர்வு கிடையாது. பத்தாவது முடித்தவருக்குச் சம்பள நிலையில் லெவல் 1, பன்னிரண்டாவது முடித்தவருக்கு லெவல் 2, 3. லெவல் 4, 5 வேண்டுமென்றால் பட்டம் இருக்க வேண்டும், ஆட்டத்திலும் அதற்கேற்ற சாதனை இருக்க வேண்டும். ஒரே அணியில் ஒன்றாக ஆடிய இரண்டு பேரில் ஒருவர் மேஜையிலும் இன்னொருவர் அவருக்குப் பல படி கீழேயும் உட்காருவது இந்தப் பட்டத்தால்தான். தமிழக அரசுப் பணிகளிலும் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அங்கேயும் அந்தந்தப் பதவிக்கு என்ன படிப்போ அது வேண்டும். புரோ கபடி லீக்கில் தமிழ்த் தலைவாஸ் அணிக்குக் கேப்டனாக இருந்த அஜய் தாக்கூர், ஹிமாச்சலப் போலீஸில் டி.எஸ்.பி.யாக இருந்தவர். லீக்கில் உச்சத்தில் இருந்தவரே கையில் ஒரு வேலையை வைத்துக்கொண்டுதான் ஆடினார்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்திய வார்த்தை "முழங்கால்". அப்பா பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. ஏ.சி.எல். என்கிற தசைநார் கிழிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டால் திரும்பவும் களத்தில் இறங்க ஒன்பது மாதம் போல ஆகும். கிட்டத்தட்ட ஒரு சீசன் முழுக்கப் போய்விடும். காயமே இல்லாமல் ஆடினாலும் முப்பது, முப்பத்தைந்தில் ஓய்வுதான். நம் பக்கத்துப் பெரியவர்கள் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் மூன்று வருஷக் கணக்கு என்று போனார்கள். கணக்கு முடிந்தால் ஊருக்குத் திரும்ப வேண்டும் என்பது கப்பல் ஏறும்போதே அவர்களுக்குத் தெரியும். உங்களுக்குக் கிடைத்திருப்பது இரண்டு வருஷக் கணக்கு.

சரி, கேம்ப், மேட்ச் என்று ஓடுகிறவன் எப்போது படிப்பது? முதலில் காலேஜ் பிசிகல் டைரக்டரைப் போய்ப் பாருங்கள். அணியிடமிருந்து தேதி போட்ட கடிதம் வாங்கிக்கொண்டு, கிளம்புவதற்கு முன்னால் போக வேண்டும். திரும்பி வந்து ஓ.டி. (ஆன் டியூட்டி என்று வருகைப் பதிவு) கேட்பவரையும், போவதற்கு முன் கடிதத்தோடு வருபவரையும் எந்தத் துறைத் தலைவரும் ஒன்றாக நடத்தமாட்டார். லீக்குக்கு எவ்வளவு நாள் ஓ.டி. கிடைக்கும், வருகைப் பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் என்ன வழி, நவம்பரில் விட்ட தாளை ஏப்ரலில் எழுதலாமா, இதையெல்லாம் அப்போதே கேட்டுவிடுங்கள். இடம் கொடுக்கவே மாட்டோம் என்றால் ஒரு வருஷம் தள்ளிப்போகட்டும். 22ல் முடித்தாலும் 25க்கு இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது. தள்ளிப்போவதற்கும் நின்றுபோவதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது, தம்பி.

நாலு அரியரையும் ஒரே மூச்சில் எழுத நினைக்காதீர்கள். கேம்புக்கு ஒரு பேப்பர் புத்தகம் மட்டும் எடுத்துப் போங்கள். இராத்திரி பிராக்டீஸ் முடிந்து புத்தகம் திறந்தால் தூக்கம்தான் வரும். காலைப் பயிற்சிக்கும் சாயங்காலப் பயிற்சிக்கும் நடுவே எல்லோரும் போனோடு படுத்திருக்கும் நேரம்தான் உங்கள் வகுப்பு. நீங்கள் பி.காம். என்பது இதில் பெரிய வசதி. காஸ்டிங் கணக்கை மனப்பாடம் செய்ய முடியாது, போட்டுப் பார்த்தால்தான் வரும். முழங்காலில் ஐஸ் வைத்துக் காலை நீட்டி உட்காரும் இருபது நிமிஷத்தில் மடியில் நோட்டை வைத்து ஒரு கணக்குப் போட்டுவிடலாம்.

அப்புறம், ஊர்த் திருவிழா மேட்ச். கோயில் காப்புக் கட்டினால் நம் ஊர் டீமுக்கு ஆடாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். ஆனால் ஒப்பந்தத்தில் இருக்கிறபோது ராத்திரி பத்து மணிக்கு லைட் வெளிச்சத்தில் செம்மண்ணில் இறங்கிக் காலை உடைத்துக்கொண்டால் யார் பணம் கட்டுவது? கோட்டுக்கு வெளியே நின்று தம்பிமார்களுக்குச் சொல்லிக்கொடுங்கள், ஊர் கோபித்துக்கொள்ளாது.

ஆட்டம் முடிந்த பிறகு என்னவாக வேண்டும் என்பதை இப்போதே முடிவு செய்ய வேண்டியதில்லை. வழிகள் தெரிந்திருந்தால் போதும். பட்டம் இருந்தால் காரைக்குடியிலேயே அழகப்பா உடற்கல்விக் கல்லூரியில் இரண்டு வருஷ பி.பி.எட். படிக்கலாம். கோச் ஆக ஆசை என்றால் பட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டு நிறுவனத்தின் (என்.ஐ.எஸ்.) டிப்ளமோ இருக்கிறது. அப்பாவின் பட்டறையையும் சின்னதாக நினைக்காதீர்கள். கண்ணாடி மேல் வர்ணம் ஊற்றிக் கையால் செய்கிற அந்தக் கல்லுக்கு வெளியூரிலிருந்தெல்லாம் ஆர்டர் வருகிறது. ஜி.எஸ்.டி. பில் போடவும் ஆர்டர் பிடிக்கவும் ஒரு பி.காம். பட்டதாரி வீட்டிலேயே இருந்தால் அப்பாவுக்கு எவ்வளவு பலம்!

அந்த அப்பாவோடுதான் பேசாமல் இருக்கிறீர்கள். ஒப்பந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போங்கள். பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டுங்கள். எவ்வளவு பணம், எத்தனை தவணை, எவ்வளவு வரி பிடிப்பார்கள், நடுவில் நிறுத்தினால் என்ன ஆகும் என்று அவர் கேட்கட்டும். தொழில் செய்கிறவருக்குத் தோன்றும் கேள்வி உங்களுக்குத் தோன்றாது. முக்கியமாக, காயம் பட்டால் ஆஸ்பத்திரிச் செலவு யாருடையது, ஆடாத மாதங்களுக்குச் சம்பளம் உண்டா என்ற இரண்டும் அதில் எழுதியிருக்கிறதா என்று சேர்ந்து தேடுங்கள். இல்லையென்றால் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அணி நிர்வாகத்திடம் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.