அதிபர் ஆட்சிமுறையில் மக்களாட்சி எளிதில் குலையும் என்று யுவான் லின்ஸ் கூறியது ஏன்?

யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் யுவான் லின்ஸ் 1990-இல் முன்வைத்த வாதம் இது: அதிபரையும் நாடாளுமன்றத்தையும் மக்களே தனித்தனியாகத் தேர்ந்தெடுப்பதால், இரண்டும் மோதும்போது மக்கள் தீர்ப்பு யார் பக்கம் என்று முடிவுசெய்ய வழியில்லை.

சிலியில் 1970 அதிபர் தேர்தலில் 36 சதவீதத்துக்குச் சற்றே கூடுதலான வாக்குகளுடன் முதலிடம் பெற்ற சால்வடோர் அயெந்தே, நாடாளுமன்ற ஒப்புதலோடு ஆறாண்டுப் பதவியில் அமர்ந்தார். 1973 மார்ச் நாடாளுமன்றத் தேர்தலில் எதிர்க்கட்சிகள் பெரும்பான்மை பெற்றும், அவரை நீக்குவதற்கான மூன்றில் இரண்டு பங்கை எட்டவில்லை. நாடாளுமன்ற முறையில் நம்பிக்கையில்லாத் தீர்மானமே போதுமானதாக இருந்திருக்கும். செப்டம்பர் 11 அன்று ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது.

அதிபர் முறை பெரும்பாலும் ராணுவ ஆட்சிக்குப் பின் வந்த நாடுகளில் அமைந்ததே குலைவுக்குக் காரணம் என்பது பிற்கால ஆய்வாளர்களின் மறுப்பு. அது வலுவானதே, ஆயினும் 1932 முதல் தேர்தல் ஆட்சி தொடர்ந்த சிலிக்கு அது பொருந்துவதாக எனக்குத் தோன்றவில்லை.