சுரங்கம் தோண்டுனா கெணறு ஏன் வத்துது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

முன்னாடி இங்க நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்த பத்தி லேசா தொட்டதுக்கே கேள்வி குமிஞ்சு போச்சு. சேலத்துக்காரங்களுக்கு நிலக்கரில என்ன அக்கறைன்னு கேக்காதீங்க, பொண்ணு குடுத்து எடுத்தது பல பேருக்கு விருத்தாசலம் பக்கம், இங்கயும் வெள்ளக்கல்னு நாம சொல்ற மேக்னசைட் தோண்டுன குழிங்க கெடக்கு.

ஓமலூர் வாசகர்: தங்கச்சிய நெய்வேலி பக்கம் குடுத்திருக்கு. அவ மாமனார் காலத்துல போர் தானா பொங்கி வழிஞ்சுதாம், இப்ப எவ்வளவு எறக்குனாலும் பத்தல. சுரங்கம்தான் காரணமா சார்?

பொங்கி வழிஞ்சது கதை இல்லீங்க, நெசம்தான். அங்க பழுப்பு நிலக்கரிக்கு அடியில மணல் அடுக்கு, அதுக்குள்ள தண்ணி அழுத்தத்தோட அடைஞ்சு கெடக்கு, சதுர சென்டிமீட்டருக்கு 6ல இருந்து 8 கிலோ, அதாவது ஓட்டை விழுந்தா 60, 80 மீட்டர் ஏறி வர்ற அளவு. மேல இருக்கிற மண்ண அள்ளிட்டா பாரம் போயிடும், தண்ணி சுரங்கத்தோட தரையையே பொளந்துட்டு வந்துரும். அதனால சுத்தி போர் போட்டு ராத்திரி பகல் பாக்காம எறைச்சுக்கிட்டே இருக்காங்க, 1961ல கரி வெளிய தெரிஞ்ச காலத்துல இருந்து இதான் பொழப்பு. அடுக்கு ஊர் ஊரா தனித்தனியா இல்ல, ஒண்ணுதான், ஒரு எடத்துல அழுத்தம் எறங்குனா தள்ளி இருக்கிற போர்லயும் எறங்கும்.

ஆனா முழுப் பழியையும் சுரங்கத்து மேல போட மாட்டேன். கரும்புக்கும் நெல்லுக்கும் விவசாயிங்க எறைச்சதும் அங்க நிலத்தடி தண்ணிதானே. யார் பங்கு எவ்வளவுன்னு பிரிக்கணும்னா வருசக்கணக்கா அளந்த நீர்மட்டம் வேணும். தங்கச்சி வீட்ல சொல்லுங்க, காலைல மோட்டார் போடறதுக்கு முன்னாடி கயித்துல கல்லு கட்டி விட்டு நனையாத கயிறோட நீளத்த அளக்கட்டும், மோட்டார் இருக்கிற போர்ல கயிறு சிக்கிக்கும், சும்மா கெடக்கிற போரோ பழைய கெணறோ பாத்து விடுங்க. மே மாசம் ஒரு தடவ, மழை முடிஞ்சு ஜனவரில ஒரு தடவ. தேதியோட எழுதி வெச்சா சுரங்கத்துக்காக நடக்கிற கருத்துக் கேட்பு கூட்டத்துல யாரும் சும்மா தட்டிக்கழிக்க முடியாது.

சேலம் ஜங்ஷன்: எறைக்கிற தண்ணிய ஏரிக்குத்தானே விடறாங்க, நல்லதுதானே?

யாருக்கு நல்லதுன்னு கேளுங்க. கடலூர் மாவட்டத்து வாலாஜா ஏரிக்கு சுரங்கத்துத் தண்ணி போகுது, அதுல பயிர் வெக்கிறவங்க இருக்காங்க, மறுக்கல. ஆனா அது புதுசா பொறந்த தண்ணி இல்ல, போர்க்காரர் காலுக்கடியில இருந்தத எடுத்து வாய்க்கால்காரருக்கு குடுக்கிறதுதான். அதோட குழிக்குள்ள பெய்யிற மழை களிமண்ணையும் கரித்தூளையும் அடிச்சுட்டு வரும், வண்டல் தங்குற குட்டை ஒழுங்கா இல்லன்னா ஏரி மேடாயிரும்.

கல்லூரி மாணவர்: நிலக்கரி சுரங்கத்துத் தண்ணி ஆசிட் ஆயிடும்னு சொல்றாங்களே?

கரியில பைரைட், அதாவது இரும்பும் கந்தகமும் சேர்ந்த தாது, இருந்தா ஆகும். காத்தும் தண்ணியும் பட்டதும் கந்தக அமிலம் வரும், இரும்பு படிஞ்சு ஓடை ஆரஞ்சு கலர்ல நிக்கும். அஸ்ஸாம் மார்கெரிட்டா பக்கத்து கரியில கந்தகம் அதிகம், அங்க இது பெரிய தலைவலி. ஜார்க்கண்ட், ஒடிசா கரியில பெரும்பாலும் கந்தகம் 1 சதவீதத்துக்கு கீழ, அங்க அமிலத்த விட நீர்மட்டமும் சேறும்தான் பிரச்சனை.

கருப்பூர்: பழைய வெள்ளக்கல் குழியில தண்ணி பச்சையா அழகா நிக்குது, தென்னைக்கு பாய்ச்சலாமா?

அழகுக்கும் தரத்துக்கும் சம்பந்தமே இல்லீங்க. மேக்னசைட் பாறை, அதனால மேக்னீசியம் கடினத்தன்மை தூக்கலா இருக்க வாய்ப்பு உண்டு, சோப்பு நுரைக்காது, பாத்திரத்துல வெள்ளையா படியும். குடிக்கிற தண்ணிக்கு கடினத்தன்மை லிட்டருக்கு 200, வேற வழியே இல்லன்னா 600 மில்லிகிராம் வரைக்கும்தான். தென்னை தாங்கும், ஆனா வருசக்கணக்கா ஊத்துனா மண்ணு இறுகலாம், அதனால லேப்ல மேக்னீசியமும் கால்சியமும் தனித்தனியா கேளுங்க. பக்கத்துல வெடி வெச்சு வேலை நடக்குதுன்னா நைட்ரேட்டும் பாத்துருங்க, வெடிமருந்துல அமோனியம் நைட்ரேட் இருக்கு, குடிநீருக்கு வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம். நம்மூர் கெட்டிப் பாறைல தண்ணி விரிசல் வழியாத்தான் ஓடும், அதனால குழிய ஒட்டி இருக்கிற கெணறு வத்தாம தள்ளி இருக்கிறது வத்துறதும் நடக்கும்.

ஏற்காடு: எங்க எஸ்டேட் ஊத்து முன்ன மாதிரி வர்றதில்ல. பாக்சைட் எடுத்ததாலயா?

இருக்கலாம். மலை உச்சியில பாக்சைட், அதாவது அலுமினியத் தாது, ஒரு தொப்பி மாதிரி, ஓட்டை ஓட்டையா இருக்கும், மழைய உறிஞ்சி வெச்சு கீழ ஊத்தா கொஞ்சம் கொஞ்சமா விடும். தொப்பிய எடுத்துட்டா மழை வேகமா ஓடிடும், ஊத்து வைகாசி வரைக்கும் தாங்காது. மழை கொறைஞ்ச வருசமா, மேல யாராவது போர் போட்டிருக்காங்களான்னும் பாத்துட்டு முடிவு பண்ணுங்க. ஒரு குடம் நிறைய எத்தன செகண்ட் ஆகுதுன்னு மாசா மாசம் குறிங்க, அந்த எஸ்டேட் மழைக்கணக்கோட வெச்சுப் பாத்தா வித்தியாசம் தெரிஞ்சுரும்.

மேட்டூர்: எங்களுக்கு சுரங்கம் இல்ல, அனல்மின் நிலையத்து சாம்பல் குட்டைதான் பக்கத்துல. டிடிஎஸ் மீட்டர் வாங்கினா போதுமா?

போதாது. அது மொத்த உப்பத்தான் காட்டும், ஆர்சனிக்க காட்டாது. லேப்ல ஆர்சனிக், போரான், சல்பேட் மூணையும் பேர் சொல்லி கேளுங்க.