பின்னட்டை வயதை நம்பாதீர்கள்

கேள்வி: என் மகளுக்கு 9 வயது. ஒரே கதை வரிசையைத் திரும்பத் திரும்பப் படிக்கிறாள். வேறு எதைக் கொடுத்தாலும் நாலு பக்கத்தில் மூடி வைத்துவிடுகிறாள். மகனுக்கு 14. கதை என்றாலே 'சின்னப் பசங்க சமாச்சாரம்' என்கிறான். விண்வெளி, கால்பந்து பற்றிய புத்தகங்களைப் புரட்டுவான், அதுவும் படம் மட்டும். பின்னட்டையில் போட்டிருக்கும் வயதைப் பார்த்துத்தான் வாங்குகிறேன். பாதிக்கு மேல் தொடப்படாமலே கிடக்கின்றன. கதைப் புத்தகம், அறிவுநூல் இரண்டையும் எப்படித்தான் தேர்ந்தெடுப்பது? - ஒரு வாசகி

பதில்: பின்னட்டை வயது ஓர் உத்தேசக் கணக்கு. அது எழுத்தின் கடினத்தைச் சொல்கிறதா, உள்ளே வரும் விஷயத்தைச் சொல்கிறதா என்பது பெரும்பாலும் தெரியாது. இரண்டும் வேறு வேறு. உங்கள் மகனுக்கு விஷயம் 14 வயதுக்குத் தக்கதாக இருக்க வேண்டும். வாக்கியம் 10 வயதுப் பிள்ளைக்கும் புரிகிற மாதிரி இருந்தால் தவறில்லை. எளிய நடை என்பதற்காகப் பேசும் முயல் வருகிற கதையை நீட்டினால், 'சின்னப் பசங்க சமாச்சாரம்' என்று அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

அதனால் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு புத்தகத்தைத் திறந்து பாருங்கள். முதல் பக்கம் வேண்டாம், அதை எல்லா எழுத்தாளர்களும் இழைத்து இழைத்து எழுதியிருப்பார்கள். நடுவில் ஒரு பக்கம் எடுத்து, சுமார் 100 சொற்களை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கட்டும். ஒன்றிரண்டு மடங்கினால் தனியாகவே படித்துவிடும். மூன்று, நான்கு என்றால் பக்கத்தில் ஆள் வேண்டும். ஐந்தும் மடங்கிவிட்டால் அது நீங்கள் வாசித்துக்காட்ட வேண்டிய புத்தகம். ஒதுக்கிவிட வேண்டியதில்லை, இந்த வயதில் படித்துப் புரிவதைவிடக் கேட்டுப் புரிந்துகொள்வது நன்றாகவே முன்னால் இருக்கும்.

தமிழில் இந்த விரல் கணக்குக்கு ஒரு திருத்தம் தேவை. 'பேசிக்கொண்டிருந்தவர்களையெல்லாம்' என்று வந்தால் 9 வயதுப் பிள்ளை நிச்சயம் திக்கும். 'பேசு' தெரியாததால் அல்ல, எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் மூச்சு வாங்குவதால். அதற்கு விரல் மடக்க வேண்டாம். ஆனால் இந்த ரகச் சொற்கள் வரிக்கு இரண்டு வந்தால் அந்த நடையே குழந்தைக்கு எழுதப்பட்டதல்ல. மொழிபெயர்ப்புகளில் இன்னும் கவனம் வேண்டும். உரையாடல் உள்ள பக்கம் ஒன்றை நீங்களே சத்தமாகப் படியுங்கள். 'நீ அதைச் செய்திருக்கக்கூடாது அல்லவா?' என்று ஒரு சிறுமி தன் தோழியிடம் கேட்கிறாளா? எந்தச் சிறுமியும் அப்படிப் பேசமாட்டாள்.

மகள் ஒரே வரிசையைப் படிப்பது பற்றிக் கவலைப்படாதீர்கள். பாத்திரங்களும் இடமும் முன்பே தெரிந்திருப்பதால் அவளுடைய முழுக் கவனமும் வாசிப்பில் போகிறது. வேகம் அப்படித்தான் கூடுகிறது. அங்கிருந்து நகர்த்த வேண்டுமானால், 'எந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் படிப்பாய்?' என்று மட்டும் கேளுங்கள். துப்பறியும் இடமா, தோழிகள் சண்டை போட்டுச் சேரும் இடமா, நாய்க்குட்டி வருகிற இடமா? பதில்தான் அடுத்த புத்தகத்துக்கு வழி. தோழிகள் சண்டை என்று சொன்னவளுக்குப் புதையல் தேடும் கதையைக் கொடுத்தால் நாலாம் பக்கத்தில் மூடத்தான் செய்வாள். இன்னொன்று, பிள்ளைகள் பொதுவாகத் தங்களைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர்களைப் பற்றிப் படிக்க விரும்புவார்கள். 9 வயதுக்காரிக்கு 11, 12 வயது நாயகி சரி. 7 வயது நாயகி வந்தால் புத்தகம் திரும்பி வரும்.

நீதிக்கதைத் தொகுப்புகள் உங்கள் அலமாரியிலும் சில இருக்கும், பரிசாக வருவது பெரும்பாலும் அவைதானே. கதையின் கடைசிப் பத்தியைப் பாருங்கள். பெரியவர் ஒருவர் வந்து நடந்ததற்கெல்லாம் விளக்கம் சொன்னால், கதைமீது எழுதியவருக்கே நம்பிக்கை இல்லை என்று பொருள்.

பதின்ம வயதுப் புத்தகங்களில் பெற்றோர் பயப்படுவது மரணம், வன்முறை, காதல். இவை இருக்கின்றனவா என்று தேடாதீர்கள், இருக்கும். எப்படி எழுதப்பட்டிருக்கின்றன என்று பாருங்கள். முழுவதும் படிக்க நேரமில்லை என்றால் முதல் அத்தியாயம், பாதி தாண்டி ஓர் அத்தியாயம், கடைசி 20 பக்கம் போதும். அடிபட்டவனுக்கு வலிக்கிறதா, அடித்தவன் அதைச் சுமக்கிறானா? அல்லது ரத்தம் வெறும் வேடிக்கையாகக் கொட்டுகிறதா? சோகமான கதை என்பதற்காக மட்டும் ஒன்றை ஒதுக்கத் தேவையில்லை.

இப்போது அறிவுநூல். கதையைவிட இங்கேதான் அதிகம் ஏமாறுகிறோம், வழவழப்பான தாளும் பளீர் படமும் எதையும் மறைத்துவிடும். முதலில் பதிப்பு விவரப் பக்கத்தைப் பாருங்கள். 'முதல் பதிப்பு 1998, மறு அச்சு 2021' என்று இருந்தால் தாள்தான் 2021, தகவல் 1998. திருத்திய பதிப்பு என்று தெளிவாக இருக்க வேண்டும். அது இருந்தாலும் சில பக்கங்களைச் சோதியுங்கள். புளூட்டோவை ஒன்பதாவது கோளாக எழுதியிருந்தால் அது 2006க்கு முந்தைய தகவல். அந்த ஆண்டுதான் அது குறுங்கோள் என்று வகை மாறியது. இறகுள்ள டைனோசர் புதைபடிவம் 1996இல் சீனாவிலிருந்து அறிவிக்கப்பட்டது. டைனோசர் நூலில் ஒன்றுக்குக்கூட இறகு இல்லையென்றால் அது பழைய சரக்கு. நாக்கின் நுனியில் இனிப்பு, அடியில் கசப்பு என்று வண்ணம் தீட்டிய படம் இருந்தால் மூடிவிடலாம், எல்லாச் சுவையும் நாக்கு முழுக்கத் தெரியும். காளானைத் தாவரங்களோடு சேர்த்திருந்தாலும் அப்படியே. பூஞ்சைகள் தனி உலகம்.

படங்களிலும் பிழை வரும். சூரியனும் கோள்களும் ஒரே வரிசையில் நிற்கும் படம் எல்லா விண்வெளி நூலிலும் உண்டு. சூரியனின் குறுக்களவு பூமியைப்போல் சுமார் 109 மடங்கு. அதை ஒரு பக்கத்தில் காட்ட முடியாது. 'அளவுக்கேற்ப வரையப்படவில்லை' என்று ஓரத்தில் ஒரு வரி போடும் நூல் நல்ல நூல். பின்பக்கத்தில் சொல்லடைவு, அதாவது எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்ற பட்டியல், இருக்கிறதா பாருங்கள், இல்லாத நூலில் ஒரு தகவலைத் திரும்பத் தேட முடியாது.

நடையைச் சோதிக்க, இரண்டு நூல்களில் ஒரே விஷயத்தைப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஒன்றில் 'ஒளிச்சேர்க்கை என்பது பசுந்தாவரங்களால் நிகழ்த்தப்படும் ஒரு செயல்முறையாகும்' என்று இருக்கும். இன்னொன்றில் 'இலை வெயிலைப் பிடித்து, காற்றையும் நீரையும் கொண்டு சர்க்கரை செய்துகொள்கிறது. இதற்கு ஒளிச்சேர்க்கை என்று பெயர்' என்று இருக்கும். முதலாவதைப் பிள்ளை மனப்பாடம் செய்யும். இரண்டாவதைப் படித்துவிட்டு, 'ராத்திரியில் என்ன செய்யும்?' என்று கேட்கும்.

உங்கள் மகன் படம் மட்டும் பார்ப்பதற்கு அந்தப் புத்தகங்களே காரணமாக இருக்கலாம். பக்கத்துக்குப் பன்னிரண்டு பெட்டித் தகவல் போட்டால் யார்தான் தொடர்ந்து படிப்பார்கள்? அவனுக்கு வேண்டியது ஒரே நிகழ்ச்சியை ஆரம்பம் முதல் முடிவு வரை சொல்லும் உண்மைச் சம்பவ நூல். 1970இல் அப்போலோ 13 விண்கலம் நிலவுக்குப் போகிற வழியில் அதன் ஆக்ஸிஜன் கலன் வெடித்தது. அதிலிருந்த மூன்று வீரர்களும் நிலவில் இறங்கும் கலத்துக்குள் ஒதுங்கினார்கள். மூச்சுக்காற்றில் கரியமில வாயு ஏறியது. கையிலிருந்த சதுர வடிகட்டிகள் அந்தக் கலத்தின் வட்டத் துளைக்குப் பொருந்தவில்லை. பிளாஸ்டிக் பை, அட்டை, ஒட்டுநாடா வைத்துப் பொருத்தித்தான் உயிரோடு திரும்பினார்கள். இப்படியொரு சம்பவத்தை 150 பக்கத்தில் சொல்லும் நூலைக் கொடுங்கள். அது கதைபோலவே ஓடும். அதை முடித்தவனிடம் விண்வெளிப் புனைகதையை நீட்டினால் முகம் சுளிக்கமாட்டான். ஒரு விஷயம் மட்டும் கவனியுங்கள், உண்மை மனிதர்கள் பேசுவதாக வரும் வசனம் பதிவிலிருந்து எடுத்ததா, எழுதியவரின் கற்பனையா என்பதை முன்னுரையிலாவது சொல்லியிருக்க வேண்டும்.

மகளுக்கு உடல் வளர்ச்சி பற்றிய ஒரு நூலும் இப்போதே இருக்கட்டும். பெண்குழந்தைகளுக்குப் பருவ மாற்றம் 8 முதல் 13 வயதுக்குள் தொடங்கும். உறுப்புகளை அவற்றின் பெயரால் சொல்லும் நூலாகப் பாருங்கள். பூவும் தேனீயும் என்று சுற்றிவளைத்துச் சொன்னால் பயனில்லை.

ஒரு தடவைக்கு ஐந்து புத்தகம் நூலகத்திலிருந்து எடுங்கள். இரண்டு சுலபமானவை, ஒன்று பிடித்த விஷயத்தில், ஒன்று கொஞ்சம் கடினம், ஒன்று சம்பந்தமே இல்லாதது. 20 பக்கம் படித்தும் பிடிக்கவில்லை என்றால் மூடிவிட உரிமை கொடுங்கள். எந்தப் பக்கத்தில் மூடினார்கள் என்பதை மட்டும் குறித்துவையுங்கள். முடித்த புத்தகத்தில் கேள்வி கேட்டுப் பரீட்சை வைக்காதீர்கள்.

வீட்டில் தொடாமல் கிடக்கும் விண்வெளிப் புத்தகங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. மகன் கையில் பென்சிலைக் கொடுத்து, சனிக் கோளின் நிலவுகள் பக்கத்தைத் திருத்தச் சொல்லுங்கள். 2025 மார்ச்சில் ஒரே வீச்சில் 128 சேர்ந்து, எண்ணிக்கை 274 ஆனது. ஓரத்தில் தேதியும் போட்டுவைக்கட்டும், மறுபடி அழிக்க வேண்டியிருக்கும்.